பத்திரிகைப் பகுதிக்கு வயதெல்லை இல்லை

எங்கள் பிரதேச சபையின் நூலக உபவிதிகளில் பதினோராவது இப்படிச் சொல்கிறது: சிறுவர் பகுதியைப் பயன்படுத்த விரும்பும் பிள்ளை நூலகத்தின் அங்கத்தவராக இருத்தல் வேண்டும், அங்கத்தவராவதற்கு, சபை எல்லைக்குள் சோலைவரி செலுத்தும் ஒருவர் பிணை நிற்றல் வேண்டும்.

நல்ல விதி. கூரையுள்ள ஒரு கந்தோரில், மின்விசிறிக்குக் கீழே இருந்து யாரோ எழுதியிருக்க வேண்டும். சோலைவரி என்பது வீட்டுக்கு விதிப்பது. 2010இல் நாங்கள் நூலகத்தைத் திரும்பத் திறந்தபோது, எங்கள் கரையில் வீடு என்று சொல்லத்தக்கதாக எதுவும் நிற்கவில்லை. யுத்தம் முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்த சனம் தறப்பாள் கூடாரத்துக்குள் இருந்தது. தறப்பாளுக்குச் சோலைவரி இல்லை. ஆகவே பிணை நிற்க ஒருவரும் இல்லை. ஆகவே அங்கத்தவராக ஒரு பிள்ளையும் இல்லை. ஆகவே சிறுவர் பகுதியில் உபவிதி எதிர்பார்த்ததைவிட அதிகமான அமைதி நிலவியது.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு கேள்வி. புதிதாக நியமனம் பெற்ற நூலகர்களுக்கான பயிற்சி ஒன்றில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "மிஸ், பள்ளிக்கூடம் விட்ட பிறகு நடத்தின இலவச வகுப்புக்கு எந்தச் சுற்றறிக்கையின் கீழ அனுமதி எடுத்தனீங்கள்?" என்று கேட்டாள். மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் பேனையை எடுத்துவிட்டார்கள். "எழுதித் தாறன்" என்றேன். எழுதுகிறேன்.

என்னுடைய பயிற்சிக்காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யாழ்ப்பாணத்தில் படித்தேன், வகுப்பாக்கம், பட்டியலாக்கம் எல்லாவற்றிலும் நல்ல புள்ளி எடுத்தேன், மன்னாருக்கு வந்தேன், நான் வகுத்து அடுக்கிய புத்தகங்களைக் கறையானும் மழையும் செல்வீச்சும் தமக்குரிய முறையில் மறுபடி வகுத்தன. ஊரின் பெயரையும் சபையின் பெயரையும் எழுதவில்லை. பெருநிலத்துக் கரை, மீன்பிடி, ஒரு மாதா கோவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்புகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

திரும்பத் திறந்த நூலகத்தில் இருந்தவை: புதிய தகரக் கூரை, ஒரு மின்விசிறி, கொழும்பிலிருந்து நல்ல மனம் படைத்தவர்கள் பெட்டி பெட்டியாக அனுப்பிய கணக்கியல் புத்தகங்கள், முற்றத்தில் ஒரு நல்லதண்ணிக் கிணறு, செபமாலை அண்ணை. செபமாலை அண்ணை நூலக உதவியாளர். கதவு திறப்பது, கதிரை துடைப்பது, அமைதி பேணுவது அவர் கடமைகள். பிள்ளைகள் முதலில் வந்தது அந்தக் கிணற்றுக்குத்தான். பள்ளிக்கூடம் விட்டு வருவார்கள், தண்ணி அள்ளிக் குடிப்பார்கள், பிறகு வீட்டுக்குப் போகமாட்டார்கள். போய் என்ன செய்வது? சோளகக் காற்று மணலை வாரி அடிக்கிற பின்னேரத்தில் தறப்பாளுக்குள் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தகப்பன்மார் கடலில், தாய்மார் நண்டுச் சதை எடுத்துப் பொதிசெய்கிற கம்பனியில். பிள்ளைகள் வாசற்படியில் நின்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"உள்ளுக்கு விடுவமோ மிஸ்?" என்று செபமாலை அண்ணை கேட்டார்.

"உபவிதி பதினொன்று, அண்ணை."

"அது ஆர்?"

நான் சபைச் செயலாளருக்குக் கடிதம் எழுதினேன். பதினோராவது உபவிதியின் பிணை நிபந்தனையைத் தற்காலிகமாகத் தளர்த்தி, பாடசாலை நேரத்தின் பின் பிள்ளைகளுக்கு இலவச வாசிப்பு வகுப்பு நடத்த அனுமதி கோரி, இரண்டு பிரதிகளுடன், பொருள் தலைப்பின் கீழே கோடிட்டு.

எங்கள் செயலாளரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவர் ஒருபோதும் 'இல்லை' என்று சொன்னதில்லை. 'ஓம்' என்றும் சொன்னதில்லை. மேசைக்கு வருகிற எந்தக் கடிதத்தையும் இரண்டு தரம் வாசிப்பார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், கடிதத்தின் ஓரத்தில் சிவப்பு மையில், அழகான கையெழுத்தில் 'கலந்துரையாடுக' என்று எழுதுவார். கலந்துரையாடப் போனால் கூட்டத்தில் இருப்பார். கூட்டம் முடியும்வரை காத்திருந்து பிடித்தால், பிளேன்ரீ வரும். பாலும் சீனியும் இல்லாத பிளேன்ரீ. அதைக் குடித்துக்கொண்டு தன்னுடைய சீனி வருத்தத்தைப் பற்றி மிக நுணுக்கமாகக் கதைப்பார். நாங்கள் எழும்பும்போது கோப்பைக் கட்டி, நாடாவை ஒழுங்காக முடிச்சுப் போட்டு, "பாப்பம் மிஸ்" என்பார். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: உபவிதிகளை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். விதியில் இடமிருக்கிற ஒரு காரியத்தை அவர் தடுத்ததாக எனக்கு நினைவில்லை. விதியில் இடமில்லாத ஒன்றை ஒருதரம் அவசரத்தில் செய்துவிட்டு, தூரத்துச் சபை ஒன்றுக்கு மாற்றப்பட்டு, வெகுகாலம் அங்கேயே கிடந்தவர். அந்தப் பயம் அவருடைய முடிச்சில் தெரியும்.

"மிஸ், பதினொன்றைத் தளர்த்த எனக்கு அதிகாரமில்லை" என்றார், மூன்றாவது பிளேன்ரீயில். "மேலிடம் போகவேணும். போனால் வர நாளெடுக்கும்." பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "பதினொன்றை மட்டும் ஏன் வாசிக்கிறியள்?" என்றார்.

நான் திரும்பி வந்து மற்றவற்றை வாசித்தேன். உபவிதி நாலு: 'நூலகத்தின் பத்திரிகைப் பகுதி பொதுமக்கள் அனைவருக்கும் கட்டணமின்றித் திறந்திருக்கும். பத்திரிகைப் பகுதியைப் பயன்படுத்துவோர் பார்வையாளர் பதிவேட்டில் ஒப்பமிடல் வேண்டும். ஒப்பமிட இயலாதோர் பெருவிரல் அடையாளம் இடலாம்.' அனைவருக்கும். வயதில்லை, பிணையில்லை, சோலைவரியில்லை. இத்தனை வருடம் அந்த விதிக்குள் நின்று வேலை செய்த எனக்கு அந்த வசனம் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

அடுத்த நாள் பிள்ளைகள் வாசலுக்கு வந்தபோது நான் போய், "பத்திரிகை வாசிக்க வந்தனீங்களோ?" என்று கேட்டேன்.

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பொடியன் மட்டும் விஷயம் விளங்கினவன்போல, "ஓம் மிஸ், நாட்டு நடப்பு அறிய வந்தனாங்கள்" என்றான்.

"அப்ப வாங்கோ. ஒப்பம் வைச்சிட்டு இருங்கோ."

அங்கேதான் முதற்பாடம் தொடங்கியது. அவர்களிற் பலருக்குத் தங்கள் பெயரை எழுத வராது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, மரத்துக்குக் கீழே கொஞ்சம், கோவில் விறாந்தையில் கொஞ்சம் என்று படித்த பிள்ளைகள். வயதைப் பார்த்துப் பள்ளிக்கூடம் வகுப்பில் போட்டிருந்தது. எழுத்தைப் பார்க்க அதற்கு நேரமில்லை. நான் மைப்பெட்டியைத் திறந்து வைத்தேன். சிறியவர்கள் குதூகலமாகப் பெருவிரல் வைத்தார்கள்.

ஒருத்தி வைக்கவில்லை. மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பெயர் ஜெசிந்தா.

"பெருவிரல் வைக்கமாட்டன் மிஸ்."

"ஏன் பிள்ளை?"

"முகாமில அம்மா நிவாரணத்துக்கு வைச்சவ. நான் வைக்கமாட்டன்."

"அப்ப பேரை எழுது."

"தெரியாது."

"அப்ப உள்ளுக்கு வர ஏலாதே."

"தெரியும்" என்றாள். ஆனால் போகவில்லை. நான் ஒரு தாளில் அவள் பெயரை எழுதிக் கொடுத்தேன். வாசற்படியில் குந்தியிருந்து மணலில் விரலால் எழுதி எழுதி அழித்தாள். நூலகம் பூட்டுகிற நேரத்துக்கு உள்ளே வந்து, பதிவேட்டில் மூன்று வரியை மறைக்கிற அளவில் தன் பெயரை எழுதிவிட்டு, பத்திரிகையைத் தொடாமலே வீட்டுக்குப் போனாள்.

ஏழாம் வகுப்பு. எழுத்துகள் ஒரு காலத்தில் தெரிந்திருந்தன, வழியில் எங்கேயோ விட்டுவிட்டாள். பள்ளிக்கூட அதிபர் முடிவாகச் சொல்லிவிட்டார்: தவணை முடிவதற்குள் தானாக ஒரு பக்கம் எழுதி, எழுதியதைத் தன் முன்னால் வாசிக்க வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் வகுப்பு. அவளுடைய தம்பி கிறிஸ்ரி மூன்றாம் வகுப்பில்தான் இருந்தான். அவனுக்குப் பக்கத்தில் போய் இருப்பதைவிட நண்டுக் கம்பனிக்குப் போவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். தாய் பிலோமினா இதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. கணக்காகத்தான் கதைத்தாள்.

"கம்பனியில வயசு கேக்கமாட்டினம் மிஸ். உயரத்தைத்தான் பாப்பினம். இவள் உயரம்தானே."

"தவணை முடியட்டும்."

"உங்களை நம்பித்தான் விடுறன். ஆனா நீங்கள் பேப்பர் வாசிக்கத்தானே விடுறியள், படிப்பிக்கிறேல்லையாமே?"

"ஓம். படிப்பிக்க அனுமதி இல்லை."

"சரி, படிப்பிக்காமலே விடுங்கோ" என்றாள்.

படிப்பிக்காமல் விடுவது எப்படி என்பதை நாங்கள் கண்டுபிடித்தோம். பத்திரிகைப் பகுதியில் பத்திரிகைதான் வாசிக்கலாம். எனவே பாடப்புத்தகம் பத்திரிகைதான். பெரிய எழுத்துத் தலைப்புகளில் தொடங்கினோம். ஒன்பதாம் உபவிதி முக்கிய செய்திகளைப் பலகையில் எழுதிக் காட்சிப்படுத்த அனுமதிக்கிறது; எனவே கரும்பலகை வந்தது. பொடியன்கள் வானிலை அறிக்கையைப் பிடித்துக்கொண்டார்கள். 'புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பில்' என்று தொடங்கும் அந்த நீண்ட வசனத்தை எழுத்துக்கூட்டி முடிக்க முதற்கிழமை முழுவதும் போனது. பிறகு தகப்பன்மார் கரையில் நின்று, "டேய், இண்டைக்குப் பேப்பர் என்ன சொல்லுது?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அதற்குமேல் எந்தப் பிள்ளையையும் நான் வரச்சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் வாசிப்பை உண்மையில் படியவைத்தது மரண அறிவித்தல் பக்கம். நானாக அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பிள்ளைகள் தாங்களாகப் போய் நின்றார்கள், அங்கே படம் இருந்தது, தெரிந்த ஊர்ப்பெயர் இருந்தது. படிப்பிக்கிறவளின் கண்ணால் பார்த்தால் அதைப்போல ஒரு பாடம் யாராலும் எழுத முடியாது. ஒரே வசனம், திரும்பத் திரும்ப, பெயர் மட்டும் மாறும். பிறப்பிடம், வதிவிடம், அன்பு மகள், பாசமிகு சகோதரி. இரண்டு பத்தியைப் பிடித்துவிட்டால் பக்கம் முழுவதும் வாசிக்கலாம். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு ஒரு பக்கத்தை வாசித்து முடித்தேன் என்ற பெருமை எவ்வளவு பெரியது என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. சத்தமாக, எல்லோருமாகச் சேர்ந்து வாசித்தார்கள். ஜெசிந்தா கடைசி வரிசையில் இருந்து, உதடு அசையாமல், விரலால் வரியைப் பிடித்துக்கொண்டு போனாள்.

பெட்டிசம் வந்தது. பெயர் போடாத முறைப்பாட்டுக் கடிதம், மாவட்டத்துக்கும் ஒரு பிரதி. கையெழுத்தைப் பார்த்து யாரென்று எனக்குத் தெரியும், அவரும் நான் அறிவேன் என்று அறிவார். பின்னேரத்தில் நிம்மதியாகப் பத்திரிகை வாசிக்க வருகிறவர். 'நூலகத்தில் நாள்தோறும் பிள்ளைகளைக் கொண்டு சாவறிவித்தல் பாடுவிக்கிறார்கள், உள்ளே நுழைந்தால் செத்தவீட்டுக்கு வந்ததுபோல இருக்கிறது' என்று எழுதியிருந்தார். ஒரு சொல்லும் பொய்யில்லை.

மாவட்டத்திலிருந்து மேலதிகாரி ஒருவர் செயலாளரையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கியபோது, பிள்ளைகள் முழுக்குரலில், "அன்னாரின் பூதவுடல் நல்லடக்கத்துக்காக எடுத்துச் செல்லப்படும்" என்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாசலில் நின்றுவிட்டார்.

"இதென்ன, செபக்கூட்டமோ?"

"பத்திரிகை வாசிப்பு, சேர்" என்றேன்.

"அமைதி பேணுறது ஆரின்ர கடமை?"

செபமாலை அண்ணை முன்னுக்கு வந்தார். "என்ர, சேர்."

"அப்ப இந்தச் சத்தம்?"

"எந்தச் சத்தம் சேர்?"

"காது கேக்கேல்லையோ?"

"இடது காது செல் விழுந்த நாளிலயிருந்து லீவில நிக்குது சேர். வலது காது வேலைக்கு வாறது. ஆனா நான் வலதுபக்கம் சுவரோட இருக்கிறனான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. கரும்பலகையைப் பார்த்தார், பதிவேட்டைப் புரட்டினார், முன்பக்கங்களில் பெருவிரல்களும் பின்பக்கங்களில் பெயர்களும் இருப்பதைப் பார்த்தார். ஆள் மோசமானவரல்ல; பெட்டிசத்துக்குப் பதில் எழுத வேண்டியவர்.

"மிஸ், வகுப்பு நடத்துறதெண்டால் அனுமதி வேணும். அனுமதி இல்லையெண்டால் இண்டையோட நிப்பாட்டவேணும். இல்லை, இது வாசிப்புத்தான் எண்டு சொல்லுறியளோ? அப்ப இதுகள் வாசிக்கிற ஆக்களோ, கிளிப்பிள்ளையளோ எண்டு பாப்பம்." சுற்றிப் பார்த்தார். அதிகாரிகள் எப்போதும் உயரமானவரைத்தான் கூப்பிடுவார்கள். "நீ வா. உன்னைப்பற்றி எழுது. பாத்து எழுதக்கூடாது. எழுதிப்போட்டு வாசி."

தன் பெயருக்கு அப்பால் அவள் தானாக எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. அதிபர் கேட்டதும் இதையேதான். அதற்கு இன்னும் நாள் இருக்கிறதென்று நினைத்திருந்தேன். இங்கே அவள் தடுமாறினால் மூன்றாம் வகுப்பு மட்டுமல்ல, மற்றவர்களுடைய பின்னேரங்களும் அதோடு போய்விடும்.

ஜெசிந்தா தாளை வாங்கினாள். எழுதினாள். நிமிர்ந்து பார்க்காமல் எழுதினாள். செயலாளர் சட்டைப்பையிலிருந்து சீனியில்லாத பிஸ்கட் ஒன்றை எடுத்தார். தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார். அவள் எழும்பி வாசித்ததை என்னால் இன்றைக்கும் சொல் மாறாமல் எழுத முடியும்.

"இவ்வூரைப் பிறப்பிடமாகவும், மடு, கிளிநொச்சி, செட்டிகுளம் முகாம் ஆகிய இடங்களை வதிவிடமாகவும், தற்போது தறப்பாளை வசிப்பிடமாகவும் கொண்ட செல்வி ஜெசிந்தா அவர்கள் உயிரோடு இருக்கிறார். அன்னார் அருளப்பு பிலோமினா தம்பதிகளின் அன்பு மகளும், கிறிஸ்ரியின் பாசமிகு அக்காவும் ஆவார். அன்னார் ஏழாம் வகுப்பில் படிக்கிறார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள், அதிபர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: ஜெசிந்தா."

முதல் வசனத்தில் அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. வசனம் முடிவதற்குள் அது போய்விட்டது. அவளுக்குத் தெரிந்த ஒரே எழுத்து வடிவம் அதுதான். அதில் பொய்யாகப் பட்ட ஒரேயொரு சொல்லை மட்டும் மாற்றியிருந்தாள்.

அதிகாரி தாளை வாங்கித் தானும் ஒருதரம் வாசித்தார். "இது... இப்பிடியே எழுதுறது?" என்றார், யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல்.

அப்போதுதான் எங்கள் செயலாளர் வாய் திறந்தார். நான் அவரோடு வேலை செய்த காலத்தில் பிளேன்ரீ இல்லாமல் அவர் கதைத்தது அந்த ஒருதரம்.

"சேர், இது பத்திரிகைப் பகுதி. உபவிதி நாலில வயசு சொல்லேல்லை."

"அது சரி, ஆனா வகுப்பு—"

"வகுப்புக்கு அனுமதி கேட்ட கடிதம் கோப்பில இருக்கு சேர். பரிசீலனையில. பரிசீலனையில இருக்கிற விஷயத்தை இடையில நிப்பாட்டுறதெண்டால் அதுக்கும் மேலிடத்து அனுமதி வேணும்."

அதிகாரி அவரைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நிர்வாகத்தில் நரைத்தவர்கள்.

"அப்ப பதில் வரும்வரைக்கும்?"

"பதில் வரும்வரைக்கும் நடக்கிறது நடக்கட்டும் சேர்."

"எழுதிப் போடுங்கோ" என்றார் அதிகாரி. ஜீப்பில் ஏறும்போது ஜெசிந்தாவின் தாளைத் திருப்பித் தரவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தவணை முடிவில் அவள் அதிபர் முன்னால் போய் அதையே இன்னும் நீட்டாக எழுதி வாசித்தாள். 'வடிவம் பிழை, விஷயம் சரி' என்றாராம். ஏழாம் வகுப்பில் விட்டார். பிலோமினா நூலகத்துக்கு வந்து, நண்டுக் கம்பனி ஏப்ரனோடு வாசலில் நின்று, "உயரம் கம்பனிக்குப் போகேல்லை மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பரம்பரைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் 'என் தாய்' என்று கட்டுரை எழுதச் சொன்னால் 'அன்னார்' என்று தொடங்குவதாகத் தமிழ் ரீச்சர் நீண்டகாலம் என்னோடு கோபம்.

பிறகு நடந்ததுதான் புதியவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது. பதில் வந்தால் வகுப்பு நிற்கலாம். வராதவரை நிறுத்த ஒருவராலும் முடியாது. செயலாளர் என்னுடைய கடிதத்தை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, 'கல்வித் திணைக்களத்தின் அவதானிப்புரைக்கு' என்று எழுதி அனுப்பினார். திரும்பி வந்ததும் சுகாதாரத்துக்கு, கிணறு இருப்பதால். அதன்பிறகு பொறியியலாளருக்கு, கூரை இருப்பதால். ஒவ்வொருதரமும் நாடாவைத் தானே முடிந்தார். அவர் கையெழுத்து ஒவ்வொரு முறையும் மேலும் அழகானது. ஒருநாள் நான், "சேர், கடிதம் எங்க நிக்குது?" என்று கேட்டேன்.

"நல்ல இடத்தில நிக்குது மிஸ்" என்றார். "பிளேன்ரீ குடிக்கிறியளே?"

அப்படியே வருடங்கள் போயின. தறப்பாள் போய் வீட்டுத்திட்டம் வந்தது, சோலைவரி வந்தது, பிணை நிற்க ஆட்கள் வந்தார்கள், சிறுவர் பகுதியில் சத்தம் வந்தது. பத்திரிகைப் பகுதியில் பின்னேர வகுப்பு நிற்கவில்லை. பெட்டிசம் எழுதியவர்கூட, சத்தத்தை எப்படியும் கேட்கத்தானே வேண்டும் என்று, ஒரு மூலையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். ஜெசிந்தா பதினோராம் வகுப்புக்கு வந்துவிட்டாள். சாதாரணதரப் பரீட்சைக்குத் தான் படித்த நேரம் போக, சின்னவர்களை வானிலை அறிக்கை வாசிக்கவைப்பது அவள் பொறுப்பு.

அன்றைக்கும் அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். தபால்காரர் நீண்ட பழுப்பு உறை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். சிறுவர் தினம் என்று பள்ளிக்கூடத்தில் கொடுத்த இனிப்பு எல்லா வாயிலும் இருந்தது. உறையின் மூலையில் மேலிடத்து முத்திரை இருந்தது. பிரித்தேன். என்னுடைய கண்ணாடியைத் தேடினேன். பிறகு தேடுவதை விட்டுவிட்டு, "ஜெசிந்தா, இதை எல்லாருக்கும் கேக்க வாசி பிள்ளை" என்றேன்.

அவள் எழும்பி, ஒரு இடத்திலும் தடுமாறாமல் வாசித்தாள். எனது கடிதம் தொடர்பாக, சம்பந்தப்பட்ட சகல திணைக்களங்களின் அவதானிப்புரைகளும் கிடைக்கப்பெற்றுள்ள நிலையில், பாடசாலை நேரத்தின் பின் பிள்ளைகளுக்கான இலவச வாசிப்பு வகுப்பொன்றை, பரீட்சார்த்தமாக, மூன்று மாத காலத்துக்கு ஆரம்பிக்க இத்தால் அனுமதி வழங்கப்படுகிறது.

வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தாள், வேறு ஏதும் இருக்கிறதா என்று.

"மிஸ், அப்ப நாங்கள் இனித்தானோ தொடங்கவேணும்?"

"ஓம் பிள்ளை. இனித்தான்."

செபமாலை அண்ணைக்கு விஷயம் வலது காதால் போயிருந்தது. சுவரோரத்திலிருந்து எழும்பி, கேட்காமலே முத்திரையை எடுத்து வந்து, மையில் தோய்த்து, ஊதி, என்னிடம் நீட்டினார். நடைமுறைப்படி, கிடைத்த கடிதத்தின் வலதுபக்க மேல்மூலையில், நேராக, அழுத்திக் குத்தினேன்: கிடைத்தது, 2014 ஒக்ரோபர் 1.